படக்கதைப் பாடசாலை – 5: கடனில் பிறந்த கழுகு

சென்ற வாரம்: 1941-ல் நியூயார்க்கில் ‘பேரன்ட்ஸ் மேகசின்’ நிறுவனத்தார் ‘ட்ரூ காமிக்ஸ்’ தொடங்கிய கதையைப் பார்த்தோம். கற்பனை சூரர்கள் கோலோச்சிய காலத்தில் வின்ஸ்டன் சர்ச்சிலின் வாழ்க்கையை முதல் இதழில் படக்கதையாக்கியவர்கள் அவர்கள். அந்த முயற்சிக்குப் பின்னால் ஏற்கெனவே வேரூன்றிய ஒரு பதிப்பகம் இருந்தது. பணமும் விற்பனை வலையும் இருந்தன. இவை எதுவுமே இல்லாத ஒருவர் மாணவர்களுக்காக ஒரு காமிக்ஸ் இதழ் தொடங்க முடியுமா? இந்தக் கேள்வியோடு அட்லாண்டிக் கடலைத் தாண்டி இங்கிலாந்துக்குப் போகிறோம்.

1. பாதிரியாரின் பத்திரிகை ஆசை

இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையில் சவுத்போர்ட் என்றொரு ஊர். அதன் ஒரு பகுதி பர்க்டேல். அங்கே செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்துக்கு 1945-ல் புதிய பாதிரியார் ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் மார்கஸ் மோரிஸ். வயது 30. ஆக்ஸ்போர்டில் படித்தவர். போர்க்காலத்தில் விமானப்படையில் போதகராக இருந்தவர். மனைவி ஜெசிகா நாடக நடிகை.

எந்தத் தேவாலயத்துக்கும் ஒரு திருச்சபை மடல் இருக்கும். யாருக்குத் திருமணம், யாருக்கு ஞானஸ்நானம், அடுத்த ஞாயிறு என்ன ஆராதனை என்று நான்கு பக்கத்தில் சொல்லிவிட்டுப் போகும். மோரிஸுக்கு அது போதவில்லை. தேவாலயத்துக்குள் வராதவர்களிடம் திருச்சபை பேசவே இல்லை என்பது அவருடைய ஆதங்கம். கடையில் விற்கும் பத்திரிகைக்குச் சமமாக இருந்தால்தான் வெளியில் இருப்பவன் கையில் எடுப்பான் என்று நினைத்தார். நான்கு பக்க மடல் ‘தி அன்வில்’ என்ற முழுப் பத்திரிகையாக மாறியது. நல்ல தாள், நல்ல அச்சு, பெயர் பெற்ற எழுத்தாளர்களின் கட்டுரைகள். ‘நார்னியா’ கதைகளால் பின்னாளில் உலகப்புகழ் பெற்ற சி.எஸ்.லூயிஸ்கூட அதில் எழுதினார்.

பத்திரிகை ஊர் எல்லையைத் தாண்டியது. கடனும் தாண்டியது. ஒவ்வொரு இதழும் விற்றுக் கிடைத்த பணத்தைவிட அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய பணம் அதிகம். ஒரு பாதிரியாரின் வருமானத்தில் அடைக்கக்கூடிய கடன் அல்ல அது. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கடையைக் கட்டியிருப்பார்கள். மோரிஸின் கண்ணில் அப்போது வேறொன்று பட்டது.

சவுத்போர்ட்டிலிருந்து சுமார் 30 கி.மீ. தூரத்தில் லிவர்பூல் துறைமுகம். போர்க்காலத்தில் வந்திறங்கிய அமெரிக்க வீரர்களோடு அமெரிக்க காமிக்ஸும் வந்திறங்கியிருந்தது. கொலை, கொள்ளை, ரத்தம், பேய் என்று பக்கத்துக்குப் பக்கம் பதற வைக்கும் புத்தகங்கள். பள்ளிப் பிள்ளைகள் அவற்றைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள்.

மோரிஸ் அவற்றை வாங்கிப் புரட்டினார். சரக்கு நஞ்சு. ஆனால் ஓவியமும் கதை சொல்லும் வேகமும் முதல் தரம். அவருடைய மொத்த வாழ்க்கையையும் திருப்பிய கண்டுபிடிப்பு இதுதான். பிள்ளைகள் கெட்டுப்போக ஆசைப்பட்டு இதைப் படிக்கவில்லை. நன்றாக வரைந்திருக்கிறது என்பதால் படிக்கிறார்கள். அப்படியானால் தடை போட்டுப் பயனில்லை. இதே தரத்தில், இதைவிட மேலான தரத்தில், நல்ல கதையைக் கொடுக்க வேண்டும்.

1949 பிப்ரவரியில் ‘சண்டே டிஸ்பாட்ச்’ ஞாயிறு செய்தித்தாளில் இதைப் பற்றிக் காட்டமாக ஒரு கட்டுரை எழுதினார். நாடு முழுவதிலும் பெற்றோரும் ஆசிரியர்களும் அவரை ஆதரித்தார்கள். பிள்ளைகளுக்கு நல்ல காமிக்ஸ் வேண்டும் என்பதில் எல்லோரும் ஒரே கட்சி. அதற்குப் பணம் போடத்தான் ஆள் இல்லை.

இல்லை, ஒருவர் இருந்தார்.

2. ஒரு பத்திரிகையாசிரியரும் ஒரு கிளைடரும்

அந்த ஒருவரைச் சந்திக்கும் முன் இன்னொருவரைப் பார்த்துவிடுவோம். பிராங்க் ஹாம்ப்சன். 1918-ல் பிறந்தவர், சவுத்போர்ட்டில் வளர்ந்தவர். தந்தை காவல்துறையில் வேலை பார்த்தார். மகன் சிறுவயதில் தபால் இலாகாவில் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் பையன். போரில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் இருந்தபோது ஜெர்மனியின் வி-2 ராக்கெட்டுகள் வந்து விழுவதைப் பார்த்தார். ஊரை அழிக்க வந்த அதே ராக்கெட் ஒருநாள் மனிதனை விண்ணுக்குக் கொண்டுபோகும் என்று அவருக்குத் தோன்றியது. போர் முடிந்ததும் சவுத்போர்ட் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். ‘அன்வில்’ பத்திரிகைக்குப் படம் வரைந்து கொடுக்கத் தொடங்கினார்.

கடனில் மூழ்கிக்கொண்டிருந்த மோரிஸ், இந்த ஹாம்ப்சனை முழுநேரச் சம்பளத்துக்கு வேலைக்கு எடுத்தார். சிக்கனம் தெரிந்தவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் படலாம். எனக்கு இது அவர் செய்த ஆகப் புத்திசாலியான செலவாகவே படுகிறது. சின்ன பட்ஜெட்டில் இதழ் தொடங்குகிறவர்கள் முதலில் கைவைப்பது ஓவியரின் ஊதியத்தில்தான். மோரிஸ் வேறு எதிலும் மிச்சம் பிடிக்கத் தயாராக இருந்தார், ஓவியத்தில் இல்லை.

இருவரும் சேர்ந்து ஒரு கதாநாயகனை உருவாக்கினார்கள். பெயர் லெக்ஸ் கிறிஸ்டியன். கிழக்கு லண்டனின் குடிசைப் பகுதியில் அநியாயத்தை எதிர்த்துக் களமிறங்கும் முரட்டுப் பாதிரியார். செய்தித்தாளில் வாரம் ஒரு பட்டையாகப் போடலாம் என்பது திட்டம். ‘சண்டே எம்பயர் நியூஸ்’ ஆசிரியர் டெரன்ஸ் ஹார்ஸ்லி இதில் ஆர்வம் காட்டினார். நாம் தேடிய அந்த ஒருவர் இவர்தான்.

ஹார்ஸ்லிக்கு கிளைடர் விமானம் ஓட்டுவதில் தீராத மோகம். 1949 ஏப்ரலில் டெர்பிஷயர் மலைப்பகுதியில் அவர் ஓட்டிய கிளைடர் விபத்துக்குள்ளானது. ஹார்ஸ்லி இறந்தார். அவரோடு லெக்ஸ் கிறிஸ்டியனும் முடிந்தான்.

கதவு திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. கையில் ஓவியர் இருக்கிறார், கதை இருக்கிறது, வெளியிட இடம் இல்லை. இந்த நிலையில் மோரிஸ் ஒரு முடிவெடுத்தார். அடுத்தவர் பத்திரிகையில் ஒரு மூலைக்கு ஏன் அலைய வேண்டும்? சிறுவர்களுக்கென்று முழு வார இதழையே நாமே உருவாக்கினால் என்ன?

முந்தைய திட்டத்துக்கே பணம் இல்லாதவர், அதைவிடப் பல மடங்கு பெரிய திட்டத்துக்குத் தாவினார்.

3. கழுத்துப்பட்டை கழன்ற கதை

பத்திரிகை தொடங்குகிறவர்கள் முதலில் ‘டம்மி’ ஒன்று தயாரிப்பார்கள். இதழ் எப்படி இருக்கும் என்று காட்டும் மாதிரி. பணம் இல்லாதவனுக்கு அதுதான் மூலதனம். ஹாம்ப்சன் தன் வீட்டிலேயே உட்கார்ந்து வரைந்தார். முன்பக்கத்துக்கு விண்வெளிக் கதை. அதன் நாயகன் டான் டேர். கோள்களுக்கிடையே ரோந்து போகும் படையின் போதகர். கழுத்தில் பாதிரியார்களின் வெள்ளைப் பட்டையோடுதான் முதலில் அவனை வரைந்திருந்தார்கள்.

பிறகு அந்தப் பட்டை கழன்றது. டான் டேர் விண்வெளிப் படையின் கர்னல் ஆனான்.

இதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. இதழின் நோக்கமே கிறிஸ்தவ நெறியைப் பிள்ளைகளிடம் கொண்டுபோவது. அதை நடத்துகிறவர் பாதிரியார். அவரே தன் நாயகனின் கழுத்திலிருந்த அடையாளத்தை எடுக்கச் சம்மதித்தார். உபதேசம் செய்ய வருகிறவனைப் பார்த்ததும் பிள்ளைகள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நெறி எங்கும் போகவில்லை. அவன் நடத்தைக்குள் போய்ச் சேர்ந்தது. டான் டேர் கொடுத்த வாக்கை மீறமாட்டான், பொய் சொல்லமாட்டான், எதிரியையும் கொல்வதற்கு முன் காப்பாற்றப் பார்ப்பான். அவன் எதையும் போதிக்கவே தேவையில்லை.

கல்விக்காகப் படக்கதை செய்கிற எல்லோரும் இந்த ஒரு முடிவைப் பாடமாக வைத்துப் படிக்கலாம். கதையின் நடுவில் ஓர் ஆசிரியரை நிறுத்தி, அவர் வாயில் பாடத்தை வைத்து, மேலே ஒரு பலூன் போட்டால் அது காமிக்ஸ் ஆகிவிடாது. மாத்திரைக்கு மேல் சர்க்கரை பூசியது போலத்தான் இருக்கும். சர்க்கரையை நக்கிவிட்டுக் குழந்தை மாத்திரையைத் துப்பிவிடும்.

இதழுக்குப் பெயர் வேண்டும். தேவாலயங்களில் வேதப் புத்தகத்தை வைத்து வாசிக்கும் மேடை பெரும்பாலும் சிறகு விரித்த கழுகின் வடிவில் இருக்கும். அதை நினைத்து ஹாம்ப்சனின் மனைவி டோரதி சொன்ன பெயர், ‘ஈகிள்’. சின்னத்துக்கு மாதிரியாக நின்றதும் ஒரு கழுகுதான்: தேவாலயத்துக்காக நடந்த பழைய பொருள் விற்பனை ஒன்றில் மோரிஸ் வாங்கி வைத்திருந்த பித்தளை மைக்கூடு.

டம்மி தயார். அதை எடுத்துக்கொண்டு மோரிஸ் லண்டனுக்கு ரயில் ஏறினார். பத்திரிகை உலகின் தலைவாசலான ஃப்ளீட் தெருவில் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். ஹல்டன் பிரஸ்ஸில் ஒருவர் பார்த்துவிட்டு, சிறுவர் இதழ்களில் கொடிகட்டிப் பறந்த அமால்கமேட்டட் பிரஸ்ஸுக்கு அனுப்பினார். அங்கே நடக்கவில்லை. ஜார்ஜ் நியூன்ஸ் நிறுவனத்தில் இது கட்டுப்படியாகாது என்று கைவிரித்தார்கள். இன்னொருவருக்குப் பிடித்திருந்தது, முதலீடு செய்ய வசதி இல்லை.

அவர்கள் மறுத்ததிலும் நியாயம் உண்டு. போர் முடிந்து நான்கு ஆண்டுகளாகியும் இங்கிலாந்தில் காகிதத் தட்டுப்பாடு தீரவில்லை. உணவுக்கே ரேஷன். அப்போது சக்கைப்போடு போட்ட ‘பீனோ’, ‘டேண்டி’ இரண்டும் மலிவுத் தாளில் அச்சாகி 2 பென்ஸுக்கு விற்றன. மோரிஸ் கேட்டதோ பெரிய அளவு, உயர்ந்த தாள், பல வண்ண அச்சு.

மறுப்புகள் சேரச் சேர, கடன்காரர்களின் கடிதங்களும் சேர்ந்தன. 1949 இலையுதிர் காலம் வந்துவிட்டது. ஒருகாலத்தில் ஹாம்ப்சன் தந்தி சுமந்து திரிந்த அதே சவுத்போர்ட்டில், மோரிஸின் வீட்டுக்கு ஒரு தந்தி வந்தது.

4. பேக்கரியில் ஒரு விண்வெளி

அனுப்பியவர்கள் ஹல்டன் பிரஸ். முதலில் வேறு இடத்துக்குக் கைகாட்டி அனுப்பிய அதே நிறுவனம். ‘பிக்சர் போஸ்ட்’ என்ற புகழ்பெற்ற படப் பத்திரிகையை நடத்தியவர்கள். எங்களுக்கு உறுதியாக விருப்பம் இருக்கிறது, வேறு எந்தப் பதிப்பாளரிடமும் போக வேண்டாம் என்பதுதான் தந்தியின் சாரம். படத்தின் அருமை தெரிந்தவர்கள் கண்ணில் ஹாம்ப்சனின் படம் கடைசியில் பட்டுவிட்டது.

இனிமேல் பணத்துக்குப் பஞ்சமில்லை என்று நினைத்தால் அது பாதி உண்மை. அச்சுக்கும் விளம்பரத்துக்கும் ஹல்டன் தாராளமாகச் செலவழித்தது. லிவர்பூலில் எரிக் பெம்ரோஸ் அச்சகத்தில், உருளை உருளையாக வண்ணம் ஏற்றும் ‘கிராவ்யூர்’ முறையில் அச்சாக ஏற்பாடாகியது. ஆனால் ஓவியக் கூடம்? சவுத்போர்ட்டின் சர்ச்டவுன் பகுதியில் ஒரு பழைய பேக்கரி. அங்கேதான் ஹாம்ப்சனும், ஹரோல்ட் ஜான்ஸ், கிரெட்டா டாம்லின்சன் முதலிய இளம் ஓவியர்களும் உட்கார்ந்து வெள்ளிக் கிரகத்தை வரைந்தார்கள்.

டான் டேருக்கு வாரம் இரண்டு பக்கம். அந்த இரண்டு பக்கத்துக்கு அவர்கள் பட்ட பாட்டைப் பாருங்கள். முதலில் ஹாம்ப்சன் முழுப் பக்கத்தையும் தோராயமாக, ஆனால் வண்ணத்தோடு, வரைந்துவிடுவார். பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆட்களை அதேபோல் நிற்கவைத்துப் போட்டோ எடுப்பார்கள். தொழில்முறை மாடல்களுக்குக் கொடுக்கக் காசு ஏது? கூடத்தில் இருப்பவர்களேதான் கதாபாத்திரங்கள். விண்வெளிப் படைத் தலைவர் சர் ஹியூபர்ட் கெஸ்ட்டாக நின்றவர் ஹாம்ப்சனின் தந்தை. விஞ்ஞானி பேராசிரியை பீபாடியாக நின்றவர் கிரெட்டா. விண்கலத்துக்கு மாதிரி செய்து, வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது, நிழல் எப்படிச் சாய்கிறது என்று பார்த்தார்கள். இத்தனைக்கும் பிறகுதான் இறுதி ஓவியம். ஆர்தர் சி.கிளார்க் தொடக்கக் காலத்தில் அறிவியல் ஆலோசகராக உதவினார். ராக்கெட் எப்படிக் கிளம்பும் என்பதில் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக்கூடாது என்பது கூடத்தின் நியதி.

1950 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. ஈஸ்டர் முடிந்த வாரம். ‘ஈகிள்’ முதல் இதழ் கடைக்கு வந்தது. 20 பக்கம், விலை 3 பென்ஸ், அதாவது ‘பீனோ’வைப் போல ஒன்றரை மடங்கு.

அந்த இதழைப் புரட்டுவோம். முன்பக்கத்தில் டான் டேர். பூமியில் உணவுப் பஞ்சம். வெள்ளிக் கிரகத்தில் பயிர் விளையுமா என்று பார்க்கப் போகும் விண்கலங்கள் அழிகின்றன. மிட்டாய்க்கும் ரேஷன் அட்டை நீட்டிய பிள்ளைக்கு அந்தப் பஞ்சத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. நடுப்பக்கத்தில் ஆஷ்வெல் வுட் வரைந்த குறுக்குவெட்டுப் படம்: பிரிட்டிஷ் ரயில்வேயின் புத்தம்புதிய கேஸ் டர்பைன் ரயில் எஞ்சின். மேல்தகட்டை உரித்துவிட்டது போல உள்ளே இருக்கும் பாகங்கள் அத்தனையும் தெரியும். ஒவ்வொன்றுக்கும் எண், எண்ணுக்கு நேரே விளக்கம். கடைசிப் பக்கத்தில் புனித பவுலின் வாழ்க்கை, ஒரு சாகசப் பயணமாக. வேதாகமக் கதைகளின் இந்தப் பக்கத்துக்குப் பின்னர் எழுதியவர்களில் சாட் வாராவும் ஒருவர். அவரும் பாதிரியார்தான். தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்குத் தொலைபேசியில் துணை நிற்கும் ‘சமாரிட்டன்ஸ்’ அமைப்பை 1953-ல் தொடங்கியவர்.

மதம் பின்பக்கத்தில், அறிவியல் நடுவில், சாகசம் முகப்பில். பிள்ளை எந்தப் பக்கமாக நுழைந்தாலும் மற்ற இரண்டையும் பார்க்காமல் வெளியேற முடியாது. வாராவாரம் இரண்டு பக்கத்தில் ஒரு கதை. கடைசிக் கட்டத்தில் ஒரு திடுக்கிடல். 1972-ல் முத்து காமிக்ஸ் வழியாக நம் வீடுகளுக்கு வந்த இரும்புக்கை மாயாவியும் இதே பிரிட்டிஷ் வார இதழ் மரபில் பிறந்தவர்தான்.

இந்த இதழைப் பிள்ளைகளிடம் சேர்க்க ஹல்டன் இரண்டு வழிகளைப் பிடித்தது. ஒரு பக்கம் தேவாலயங்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கடிதங்களும் இதழும் போயின. காமிக்ஸ் என்றாலே பறிமுதல் செய்த பள்ளிகளும் வீடுகளும் இந்த ஒன்றுக்கு மட்டும் வழிவிட்டன. இன்னொரு பக்கம், கூரையில் பெரிய பொன்னிறக் கழுகு பொருத்திய கார்கள் நாடு முழுக்க ஓடின. ‘கழுகைக் கண்டுபிடி’ என்று பிள்ளைகளைத் தெருவுக்கு அழைத்தன. கண்டுபிடித்தவர்களுக்கு இதழை வாங்க 3 பென்ஸ் கூப்பன். பெரியவர்களின் அனுமதியும் பிள்ளைகளின் ஆசையும் ஒரே நேரத்தில் கிடைத்துவிட்டன. பள்ளிக்கு இதழ் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுவார்கள். தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். கட்டுக்கட்டாக வாங்கிய இதழ்கள் அலமாரியில் பிரிக்கப்படாமல் கிடப்பது அதனால்தான்.

முதல் இதழ் ஏறத்தாழ 9 லட்சம் பிரதிகள் விற்றது. நான்கு பக்கத் திருச்சபை மடலில் தொடங்கிய பாதிரியார், ஐந்தே ஆண்டுகளில் பிரிட்டனின் மிகப் பெரிய சிறுவர் இதழ்களில் ஒன்றின் ஆசிரியர்.

கதையை இங்கே சுபம் போட்டு முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரு கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. பணம் இல்லாமல் ஓர் இதழ் பிறந்தது என்றால், அந்தப் பணத்துக்கு ஈடாக யாரோ எதையோ கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மோரிஸ் தன் நிம்மதியைக் கொடுத்தார், கடனைச் சுமந்தார். ஹாம்ப்சன் தன் கைகளைக் கொடுத்தார். வாரம் தவறாமல், இரவு பகல் பாராமல். கழுகு பறக்கத் தொடங்கிய பிறகு டான் டேர் வானொலியில் பேசினான். பொம்மையானான், துப்பாக்கியானான், கைக்கடிகாரமானான். அவன் முகம் பதிந்த ஒவ்வொரு பொருளும் யாருக்கோ பணம் கொண்டுவந்தது.

யாருக்கு? ஹாம்ப்சன் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், டான் டேர் யாருடைய சொத்து என்று எழுதியிருந்தது?

அந்த ஒப்பந்தத்தை அடுத்த வாரம் பிரிப்போம்.

(தொடரும்)